மூச்சில்லாதவனின் இரண்டாம் பாகம்

பிப்ரவரி 11

அக்கா,

நான் போனை எடுப்பதில்லை என்று அம்மாவிடம் புகார் போயிருக்கிறது. உண்மைதான். போனில் பேசுவதை விட்டு வருஷக்கணக்காகிறது. உனக்கே தெரியும். எழுதினால் பாதியில் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கலாம். திட்டு கொஞ்சம் ஆறும்.

உன் நாவலைப் படித்து முடித்தேன். "மூச்சில்லாதவனின் முத்தம்". அட்டையில் நெற்றியில் முடி விழுந்த ஒரு பையன். வாயோரம் ரத்தமா பழச்சாறா என்று தெரியாத ஒரு சிவப்பு. பேருந்தில் அட்டையை மடியில் கவிழ்த்துத்தான் படித்தேன். அப்படியும் பக்கத்திலிருந்த அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

நன்றாக இல்லை. வேறு யாரும் உன்னிடம் நேராகச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன். பள்ளிக்கூடம் படிக்கிற பெண். மாடியறை. செத்துப்போன பையன் தினமும் ஜன்னலுக்கு வருகிறான். வாயைத் திறந்தால் வாழ்த்து அட்டை. "உன் இதயத்துடிப்பை எனக்குக் கடன் கொடு." எந்தப் பையன் இப்படிப் பேசுவான்? செத்தே போயிருந்தாலும்?

ஆனால் அவள் பேசுவது என் பேச்சு.

"மழை வந்துச்சே, நனைஞ்சியா?" அது நான். "சிரிப்பு காட்டாத, அம்மா வந்துருவாங்க." அதுவும் நான். பல்வலியைக்கூட விடவில்லை நீ. "இடது பக்கம் மெல்ல முடியல, வலது பக்கமா உன்னை நெனச்சுக்கிட்டு மென்னேன்." நம் இரண்டு அறைக்கும் நடுவே இருந்தது சுவரில்லை, பலகை. தெரியும். நீ காதை வைத்துக்கொண்டிருந்தாய் என்பது தெரியாது.

அதுகூடப் போகட்டும். அவனை ஏன் இறந்தவனாக எழுதினாய்? யார் சொன்னது உனக்கு?

கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள், இரண்டாம் பாகத்தில் அவன் உயிரோடு வருகிறானாம். அதை எழுதாதே. இந்தக் கடிதமே அதற்குத்தான்.

பூச்சி


பிப்ரவரி 20

பூச்சி,

"நன்றாக இல்லை" வரைக்கும் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்துவைத்தேன். கிடந்த பாத்திரங்களையெல்லாம் கழுவினேன். கழுவிய பாத்திரங்களையும் கழுவினேன். பிறகுதான் மிச்சம்.

யாரும் எதுவும் சொல்லவில்லை. பதிப்பாளர்தான். "சும்மா காதல் கதையை இப்ப எவன் வாங்கறான்? பையனைக் கொன்னுடுங்க. பேய்னா பொண்ணுங்க வாங்குவாங்க." அடுத்த வாரமே கொன்றுவிட்டேன். பிறகு, "பேய்க்கு நகம் வேணாங்க, புத்தகம் பள்ளிக்கூட நூலகத்துக்குப் போகணும்" என்றார். நகத்தை வெட்டினேன். பல்லைக் கொஞ்சம் தேய்த்தேன். கடைசியில் மிஞ்சியவன் அவன். அட்டையில் நிற்கிறானே, தலை வாராத பையன்.

பலகை விஷயம் உண்மை. காது வைக்கவெல்லாம் வேண்டியதில்லை. படுத்தால் கேட்கும். உன் குரல் மட்டும். நீ பேசுவாய், நிறுத்துவாய். அங்கே அவன் பேசுகிறான். நீ சிரித்தால், அவன் ஏதோ வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறான். வேலை இல்லாமல் வீட்டில் கிடந்த காலம் எனக்கு. எனக்கு யாரும் போன் செய்ததில்லை. என்ன சொல்லியிருப்பான், என்ன சொல்லியிருப்பான் என்று அந்த இடைவெளிகளை யோசித்துக்கொண்டு கிடப்பேன். நாவலில் அவற்றை நிரப்பினேன். அவ்வளவுதான். இப்போது பிழைப்பும் அதுதானே. பள்ளி வழிகாட்டி நூலில் கோடிட்ட இடங்களுக்கு விடை எழுதுவது.

அவன் யாரென்றுகூட எனக்குத் தெரியாது. ஒருநாள் கேட்டேன். "முடிஞ்சிருச்சுக்கா" என்றாய். உன் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை. இந்நேரம் தொப்பையும் இரண்டு பிள்ளைகளுமாக எங்காவது இருப்பான். அவனே படித்தாலும் தன்னை அடையாளம் கண்டுபிடிக்க மாட்டான்.

இரண்டாம் பாகத்தை எழுதாமல் இருக்க முடியாது, பூச்சி. இங்கே ஒரு நீள மேஜையில் ஐந்து பேர் உட்கார்ந்து "சரியா, தவறா" எழுதிக்கொண்டிருக்கிறோம். பக்கத்து நாற்காலிக்காரர் இருபது வருஷமாக எழுதுகிறார். அவரிடம் போய் நேரம் கேட்டால்கூட "இ" என்று விடை சொல்வார் போலிருக்கிறது. இந்தப் பாகம் ஓடினால் நான் எழுந்துவிடலாம். பேய் மனுஷனாகிறான், கல்யாணம் செய்துகொள்கிறான், சுபம். உனக்கு இதில் என்ன போகிறது?

அக்கா


மார்ச் 3

அக்கா,

அவனுக்குப் பிள்ளைகள் இல்லை.

கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் இருந்தான். மழை வந்தால் என் தாள்களைத் தன் சட்டைக்குள் வைத்துக்கொள்வான். ஒருநாள் குறிப்புகளைக் கொடுத்துவிட்டு நின்றேன். கடையில் இருந்த இன்னொருவர் இயந்திரத்தில் போட்டார். "அந்தப் பையன் வரலையா?" என்றேன். "உங்களுக்குத் தெரியாதா? லாரிங்க. போன வாரம்." வருகிற எல்லாரிடமும் சொன்னதைப் போலச் சொன்னார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லத் தோன்றவில்லை. தாள்கள் சூடாக இருந்தன. வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவன் வீட்டுக்கு நான் யாரும் இல்லை. தெருமுனை மருந்துக்கடையில் நின்று பார்த்தேன். வாசலில் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அவன் எண்ணுக்குப் போட்டேன். தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஒரு பெண் சொன்னாள். அவள் சொல்லி முடித்ததும் நான் ஆரம்பித்தேன். மழை. அம்மா. பல்வலி. அதன்பிறகு தினமும் அப்படித்தான். நடுவில் நிறுத்துவேன். அது அவன் பேச வேண்டிய இடம். அவன் உயிரோடு இருந்தவரை நாங்கள் போனில் பேசியதே இல்லை. கடைவாசலில் நின்று பேசியதே போதுமானதாக இருந்தது.

நீ படுத்துக்கொண்டு கேட்டதெல்லாம் இதுதான். அந்தப் பக்கம் யாரும் இல்லை.

இப்போது என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். காதுப் பரிசோதனை அறையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆளை உட்காரவைத்து, காதுக்குச் சின்னச் சின்னச் சத்தம் அனுப்புகிறேன். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். அனுப்பாத சத்தத்துக்கும் சிலர் தூக்குவார்கள். பொய் சொல்வதில்லை. அவர்களுக்குக் கேட்கத்தான் செய்கிறது. நீயும் தூக்கியிருக்கிறாய், ஒரு நாவல் முழுக்க.

ஒருநாள் அவன் எண்ணுக்குப் போட்டதும் அந்தப் பக்கம் மணி அடித்தது. யாரோ ஒரு பெரியவர் எடுத்தார். "யாரும்மா வேணும்?" எண்ணை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். முடிந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னது அன்றைக்குத்தான்.

பதிப்பாளர் ஒரு பேச்சுக்குக் கொன்றார். அது உண்மையாக இருந்தது. அவரே திரும்ப எழுப்பச் சொல்கிறார். அது முடியாது. புத்தகத்தில்கூட முடியக்கூடாது. எழுதாதே.

பூச்சி


மார்ச் 10

பூச்சி,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

நீ அந்தப் பக்கம் அப்படிக் கிடந்திருக்கிறாய். நான் இந்தப் பக்கம் பொறாமைப்பட்டுக்கொண்டு. எழுந்து வந்து கதவைத் தட்டியிருந்தால், "யாருடி அது?" என்று கிண்டலாகக் கேட்டிருந்தாலும் போதும்.

நாளை பதிப்பாளரைப் பார்த்து முடியாது என்று சொல்லப்போகிறேன். நீள மேஜையில் இன்னும் இருபது வருஷம் உட்கார்ந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. போனை எடுக்க வேண்டாம். அம்மாவிடம் "இருக்கேன்" என்றாவது சொல்லி அனுப்பு.

அக்கா


மார்ச் 24

அக்கா,

இருக்கிறேன்.

பதிப்பாளரிடம் போகாதே. போயிருந்தால் திரும்பப் போய்ப் பேசு.

எப்படிச் சொல்வது என்று ஒரு வாரமாகத் தெரியவில்லை. உன் புத்தகம் என் மேஜையில் இருக்கிறது. வேலை முடிந்து வந்ததும் எடுக்கிறேன். அவள் பேசுவதைத் தாண்டிவிடுவேன். அதை நான் ஏற்கெனவே பேசியாகிவிட்டது. அவன் பேசுவதை மட்டும் படிக்கிறேன். பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

மோசமான வசனங்கள்தான். அதில் மாற்றமில்லை. அவை யாருடைய பேச்சும் இல்லை. உள்ளே ஆள் இல்லாத சட்டை மாதிரி தொங்குகின்றன. அதனால் அவன் உள்ளே போய்விடுகிறான். "உன் இதயத்துடிப்பை எனக்குக் கடன் கொடு" என்று நீ எழுதியிருக்கிறாய். எனக்கு, "என்ன, ஒரு பக்கமா எடுக்கவா, ரெண்டு பக்கமாவா?" என்று கேட்கிறது. குரலோடு கேட்கிறது. நான் நிறுத்திய இடங்களில் இத்தனை வருஷம் கழித்து யாரோ எதையோ வைத்திருக்கிறார்கள். என்ன வைத்தார்கள் என்பது முக்கியமாகப் படவில்லை.

அம்மாவும் படித்தாள், தெரியுமா? கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தாள். "எல்லாம் சரிடி, அந்தப் பையன் முழுப் புத்தகத்துலயும் ஒரு வாய்கூடச் சாப்பிடலையே? அவ கேக்கவாவது வேணாமா? என்ன பொண்ணு வளர்த்திருக்காங்க!" பேய் சாப்பிடாது என்றேன். "கேட்டா என்ன, குறைஞ்சா போயிடுவா?" நான் சிரித்தேன். சிரித்து நாளாயிற்று.

அக்கா, இரண்டாம் பாகம் எழுது. ஆனால் அவன் பிழைத்து வர வேண்டாம். எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். தினமும் கடைசியில் அவனிடம் கேட்பேன், "வெச்சிடட்டுமா?" என்று. இந்தப் பக்கம் நான் பிடித்துக்கொண்டே இருப்பேன். கை மரத்துப்போகும். பதில் வராமல் நானாக வைத்ததில்லை. லைன் அறுந்தால் திரும்பப் போடுவேன். பேட்டரி தீர்ந்துதான் நிற்கும். அந்தப் பெரியவர் எடுத்த அன்றும் நான் வைக்கவில்லை. அவர்தான் வைத்தார்.

கடைசிப் பக்கத்தில் அவன் "வெச்சிடு" என்று சொல்லட்டும். உனக்கு அது ஒரு சொல்.

பூச்சி


ஏப்ரல் 7

பூச்சி,

போய்ப் பேசினேன். ஜன்னலை விட்டு அவன் போய்விடுகிற மாதிரி முடிக்கிறேன் என்றேன். பதிப்பாளர் காது குடைந்துகொண்டே கேட்டார். "பேய் கிளம்பிப் போயிட்டா மூணாம் பாகத்துக்கு யாரும்மா வருவா?" பிறகு என்னை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். கட்டுக் கட்டாக, கயிறுகூடப் பிரிக்காமல் என் புத்தகம். கடைகளிலிருந்து திரும்பி வந்தவை. அத்தனை அட்டையிலும் அதே பையன், அதே பழச்சாறு.

இரண்டாம் பாகம் கிடையாது. எந்த முடிவோடும் கிடையாது. "உங்களை ஒண்ணும் சொல்லல. வாசகர் சொல்றாங்க" என்று ஒரு பெண் இணையத்தில் எழுதியதை வாசித்துக் காட்டினார். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணாம். "இவன் செத்துட்டான்னு எனக்கு வருத்தமே வரல. உயிரோட இருந்திருந்தாலும் வந்திருக்காது." பதிப்பாளர் சிரித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். நானும் சிரித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள், என்னைவிட.

ஆக, நான் மேஜையிலிருந்து எழுந்திருக்கப் போவதில்லை. அது கிடக்கட்டும். உனக்கு மட்டும் எழுதித் தருகிறேன். அச்சு வேண்டாம், அட்டை வேண்டாம். அவன் ஜன்னலுக்கு வருகிற கடைசி நாள். நீ கேட்ட சொல்லோடு.

அக்கா


ஏப்ரல் 16

அக்கா,

எழுது. அவசரமில்லை.

ஒன்று மட்டும். முதல் பாகம் மாதிரியே எழுது. வாழ்த்து அட்டை மாதிரி. யோசிக்காதே. என்னை நினைத்துக்கொண்டு எழுதாதே.

உனக்கு இது அவமானமாக இருக்கும் என்று தெரியும்.

பூச்சி


மே 29

பூச்சி,

தனி உறையில் பக்கங்கள் இருக்கின்றன. இதைப் படித்துவிட்டு அதைப் பிரி.

நீ சொன்னபடிதான் தொடங்கினேன். "நிலவின் மடியில் நான் உறங்கப் போகிறேன், என் உயிரே" என்று அவனைப் பேசவைத்தேன். அடித்தேன். இன்னொன்று. அதையும் அடித்தேன். நீ காதில் போனை வைத்துக்கொண்டு கை மரத்து உட்கார்ந்திருக்கிறாய். உன் எதிரே வந்து நிற்கிறவனை நான் எப்படி உளறவிடுவேன்? முன்பு எதுவும் தெரியாமல் எழுதினேன், கை ஓடியது. இப்போது ஒவ்வொரு வரியிலும் நீ இருக்கிறாய். ஒரு மாதம் ஒன்றும் வரவில்லை. நீள மேஜையில் விடைகளைத் தப்பும் தவறுமாக எழுதி, பக்கத்து நாற்காலிக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "ஏம்மா, தவளைக்கு எலும்பு இல்லைன்னு போட்டிருக்கீங்க. பசங்க நாளைக்கு அதைத்தான் எழுதுவாங்க."

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். தானாக வந்தது. அவன் அலங்காரமாக எதுவும் பேசவில்லை. மனுஷன் மாதிரி பேசினான். எழுதிக்கொண்டே அழுதேன். தற்பெருமை என்று நினைக்காதே, நான் எழுதியதிலேயே உருப்படியானது இதுதான். அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

கடைசியில் நீ கேட்ட சொல் இருக்கிறது. படித்துவிட்டு ஒரு வரி போடு.

அக்கா


ஜூன் 13

அக்கா,

உறையை உடனே பிரிக்கவில்லை. நல்ல சட்டை போட்டுக்கொண்டு பிரித்தேன். சிரிக்காதே.

அவன் ஜன்னலில் வந்து உட்காருகிறான். அவள் முகத்தைப் பார்க்கிறான். பிறகு, "போய் மூஞ்சியக் கழுவிட்டு வா. கண்ணு வீங்கிக் கெடக்கு பாரு" என்கிறான். அவள் கழுவிக்கொண்டு வருகிறாள். "துண்டு எங்க? ஈரத்தோட நிக்கற" என்கிறான். இந்தப் பக்கங்களில் அவள் பள்ளிக்கூடப் பெண் இல்லை, வேலைக்குப் போகிறவள். அந்த வேலையைப் பற்றிச் சொல்கிறாள். அவன், "அந்த மேனேஜர்கிட்ட ரொம்ப வளையாத, வளைஞ்சா ஏறி உக்காந்துப்பான்" என்கிறான். அவள், "வெச்சிடட்டுமா?" என்று கேட்கிறாள். அவன் சொல்கிறான். "வெச்சிடு. நாளைக்கும் வேலைக்குப் போகணும்ல. நான் இங்கதான் இருப்பேன், எங்க போகப்போறேன்."

இதைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு முகம் தெரிந்தது. மூக்குத் தெரிந்தது. எந்தத் தோளில் பையை மாட்டும் என்றுகூடத் தெரிந்தது. அவன் இல்லை. நீ.

அவனுக்கு என் மேனேஜர் யாரென்றே தெரியாது. என் கண் வீங்கி அவன் பார்த்ததில்லை. துண்டு எங்கே என்று என்னை இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் கேட்டிருக்கிறது.

உன்மேல் தப்பில்லை. உனக்குத் தெரிந்த அன்பு எதுவோ அதைத்தானே அவன் வாயில் வைக்க முடியும்? யோசிக்காமல் எழுது என்று நான் சொன்னது இதற்குப் பயந்துதான். சரியாகச் சொல்லத் தெரியவில்லை எனக்கு.

அந்தச் சொல்லையும் பார்த்துக்கொண்டிருந்தேன். "வெச்சிடு." அவன் குரலில் படித்துப் பார்த்தேன். உரக்கப் படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். உன் குரலில்தான் வருகிறது. அக்கா சொல்லி நான் எப்படி வைப்பேன்? உனக்கும் எனக்கும் நடுவில் அந்த போன் இருந்ததே இல்லையே.

பிறகு முதல் பாகத்தை எடுத்தேன். இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். பென்சில் கோடு போட்ட இடங்களுக்குப் போனேன். "உன் இதயத்துடிப்பை எனக்குக் கடன் கொடு." பேசுவது நீ. அடுத்த பக்கம். நீ. வேலை கிடைக்காமல், பலகைக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, யாரும் போன் செய்யாத என் அக்கா. பாவமாக இருந்தது. இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போயிற்று என்று ஆச்சரியமாகவும் இருந்தது. ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா என்று கேட்க வைக்கப் பார்த்தேன். அவன் வரவில்லை. நேற்றும் வரவில்லை.

இனிமேல் எதுவும் எழுதித் தர வேண்டாம். மாற்றி எழுதுகிறேன் என்றும் சொல்லாதே. செய்வாய் என்று தெரியும். இது திருத்துகிற விஷயம் இல்லை.

நீ கேட்ட ஒரு வரி. நன்றாக இருக்கிறது, அக்கா. ரொம்ப நன்றாக இருக்கிறது.

பூச்சி